வெளிநாட்டு உதவியும் உலகப் பட்டினியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜூலையில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டை இழுத்து மூடியது. பிரிட்டனும் பிரான்சும் ஜெர்மனியும் கையைச் சுருக்கிக்கொண்டன. அதிலிருந்து இந்த உதவிப் பணத்தைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். இத்தனை ஆண்டுகள் கொடுத்து என்ன ஆயிற்று, பட்டினி ஒழிந்ததா, பணம் யார் கைக்குப் போகிறது என்று. அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். தொகைகள் கோடிக் கணக்கில் இருக்கின்றன. 100 கோடி என்றால் ஒரு பில்லியன்.

உலகத்தில் வறுமை உண்மையிலேயே குறைந்திருக்கிறதா, இல்லை கணக்கு காட்டுகிறார்களா?

குறைந்திருக்கிறது, நிறையவே. உலக வங்கியின் இப்போதைய வறுமைக்கோடு ஒரு நாளைக்கு 3 டாலர். 1990-இல் அந்தக் கோட்டுக்குக் கீழே சுமார் 230 கோடிப் பேர் இருந்தார்கள், அதாவது உலகில் பத்தில் நான்கு பேருக்கு மேல். 2025-இல் 80 கோடிச் சொச்சம், பத்தில் ஒருவர். இடைப்பட்ட காலத்தில் உலக மக்கள்தொகை ஏறக்குறைய 290 கோடி கூடியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

2000 செப்டம்பரில் ஐ.நா.வில் கூடிய தலைவர்கள், 1990-இன் வறுமை விகிதத்தை 2015-க்குள் பாதியாக்குவது என்று முடிவெடுத்தார்கள். புத்தாயிரம் இலக்குகள் எட்டில் முதலாவது இதுதான். அது 2010-லேயே நிறைவேறிவிட்டது. கெடுவுக்கு முன்பே முடிந்த ஐ.நா. இலக்கு என்று சொல்ல அதிகம் கிடையாது.

கணக்கு காட்டுகிறார்கள் என்ற சந்தேகத்துக்கு ஒரே ஒரு பதில். 2025 ஜூனில் உலக வங்கி கோட்டை 2.15 டாலரிலிருந்து 3 டாலராக உயர்த்தியது. அதனால் உலகில் ஏழைகளின் எண்ணிக்கை சுமார் 12.5 கோடி கூடியது. மறைக்க நினைப்பவர் இப்படிச் செய்வதில்லை.

3 டாலர் என்றால் 250 ரூபாய்க்கு மேல் வருகிறதே. நம்மூரில் அதுவா கொடிய வறுமை?

வங்கியில் டாலர் மாற்றும் விலையில் இதைக் கணக்கிடக் கூடாது. அமெரிக்காவில் 3 டாலருக்கு எவ்வளவு பொருள் வாங்கலாமோ, அதே பொருளை இங்கே வாங்க எத்தனை ரூபாய் வேண்டும் என்பதுதான் கணக்கு. அப்படிப் பார்த்தால் 2021 விலைவாசியில் தலைக்கு நாளொன்றுக்கு அறுபது ரூபாய்க்குச் சற்று மேல் வரும். சாப்பாடு, துணி, வீட்டு வாடகை, பேருந்துக் கட்டணம், மருந்து எல்லாம் அதற்குள். இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டவர் வசதியானவர் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு மாதம் காய்ச்சலில் படுத்தால் மறுபடி கீழே விழுந்துவிடுவார்.

சரி, இந்தக் குறைவுக்கு உதவிப் பணம்தான் காரணமா?

பெரும்பகுதிக்கு இல்லை. சீனாவில் நாற்பது ஆண்டுகளில் 80 கோடிக்கு நெருக்கமான பேர் கொடிய வறுமையிலிருந்து வெளியே வந்தார்கள். அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் குறைந்ததில் ஏறத்தாழ முக்கால் பங்கு அது ஒன்றே. கூட்டுப்பண்ணைகளைக் கலைத்து நிலத்தைக் குடும்பங்களின் பொறுப்பில் விட்டது, பிறகு தொழிற்சாலை, ஏற்றுமதி என்று போனது. வெளியிலிருந்து வந்த உதவி அந்தப் பொருளாதாரத்தில் ஒரு துளி. இந்தியாவிலும் அப்படித்தான்: 3 டாலர் கோட்டுக்குக் கீழே 2011-12-இல் 27 சதவீதம் பேர், 2022-23-இல் 5 சதவீதம் அளவு. ரேஷன் அரிசிக்கும் நூறு நாள் வேலைக்கும் பணம் வந்தது நம்முடைய சொந்த வரியிலிருந்து.

மறுபக்கம், பொருளாதார அளவை ஒப்பிட்டால் மிக அதிக உதவி போன சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் வறுமை குறைவாகவே இறங்கியது. இதை வைத்து 'உதவிதான் கெடுத்தது' என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. டம்பிசா மோயோ, வில்லியம் ஈஸ்டர்லி போன்ற பொருளாதார வல்லுநர்கள் அந்தப் பக்கம் கனமாகவே வாதிட்டிருக்கிறார்கள். எனக்கு அது பாதிதான் ஒப்புகிறது. மோசமான நிலையில் இருக்கும் நாட்டுக்குத்தான் உதவி அதிகம் போகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உதவியே அந்த நிலைக்குக் காரணம்போலத் தோன்றத்தான் செய்யும்.

அப்படியானால் உதவி எதற்குத்தான் பயன்பட்டது?

குறுகலான, எண்ணிப் பார்க்கக்கூடிய வேலைகளுக்கு. விதை, தடுப்பூசி, உப்புச்சர்க்கரைக் கரைசல், குழந்தையின் எடை. 'நாட்டை வளர்க்கிறோம்' என்று போன இடங்களில் பெரும்பாலும் சொதப்பியது. 'இந்த ஒன்றைச் செய்கிறோம்' என்று போன இடங்களில் பலமுறை ஜெயித்தது. மூன்று உதாரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது விதை. மெக்சிகோவிலும் பிலிப்பைன்ஸிலும் இருந்த ஆராய்ச்சி நிலையங்களுக்கு ராக்ஃபெல்லர், ஃபோர்டு அறக்கட்டளைகள் பணம் போட்டன. வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக்கின் குட்டைக் கோதுமை விதையை 1966-இல் இந்தியா 18,000 டன் இறக்குமதி செய்தது. அப்போது உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம், ஆய்வகத்தில் எம்.எஸ். சுவாமிநாதன். அதே ஆண்டு பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர்.8 நெல் வந்தது. தஞ்சாவூர் மாவட்டம் அதற்கு முன்பே ஃபோர்டு அறக்கட்டளை துணைநின்ற தீவிர வேளாண் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. அங்கே ஆடுதுறை 27 நெல் பரவியது. ஆனால் வெளியிலிருந்து வந்தது விதையும் அறிவும் கொஞ்சம் பணமும்தான். கொள்முதல் விலை, உணவுக் கழகம், உரம், பாசனம், ஊர் ஊராகப் போன வேளாண் அலுவலர் எல்லாம் இந்திய அரசின் செலவு. (பஞ்சாபில் பிறகு நிலத்தடி நீர் இறங்கிப்போனது தனிக் கதை. விதை கொடுத்தவர்களை மட்டும் அதற்குக் குற்றம் சொல்ல முடியாது.)

இரண்டாவது வங்கதேசம். 1974 பஞ்சத்துக்குப் பிறகு இந்த நாடு தேறவே தேறாது என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். அங்கே ஃபஸ்லே ஹசன் அபேது தொடங்கிய பிராக் என்ற அமைப்பு, 1980-க்கும் 1990-க்கும் இடையே 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய், வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே கரைசல் கலக்கத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தது. மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். ஆரம்பப் பணம் வெளிநாட்டு நன்கொடை. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் சம்பளக் கணக்கு. கற்பிக்கப் போன பெண்ணுக்கு எத்தனை வீடு ஏறி இறங்கினாள் என்று பார்த்துக் கூலி கிடையாது. சில வாரம் கழித்து இன்னொருவர் போய்ப் பார்ப்பார். தாய் எவ்வளவு நினைவு வைத்திருக்கிறாள், சரியாகக் கலக்குகிறாளா என்பதைப் பொறுத்துத்தான் கூலி. அரசுத் திட்டங்களில் இன்றும் இதைச் செய்யத் தயங்குகிறார்கள்.

மூன்றாவது நம் பக்கத்துக் கதை, ஆனாலும் பலருக்குத் தெரியாது. உலக வங்கியின் சலுகைக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கியது. எல்லாக் குழந்தைக்கும் ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிற வேலை இல்லை. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை ஏறாமல் நின்றுவிட்ட குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை. எடை தேறினால் நிறுத்திவிடுவார்கள், தேறாவிட்டால் மருத்துவரிடம் அனுப்புவார்கள். மூன்று வயதுக்குள் விட்டதைப் பிறகு பிடிப்பது கடினம் என்ற புரிதல் இதற்கு அடிப்படை. 1980-களின் முடிவில் சுமார் ஒன்பதாயிரம் மையங்கள் இருந்தன. கடுமையான ஊட்டக்குறைவு திட்டப் பகுதிகளில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்ததாக மதிப்பீடுகள் சொன்னன. 1990-களின் பிற்பகுதியில் கடன் காலம் முடிந்தபோது வேலை நிற்கவில்லை, அங்கன்வாடிகளுக்குள் கலந்துவிட்டது.

மூன்றிலும் ஒன்று பொது: உள்ளூர் அரசோ உள்ளூர் அமைப்போ அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. அது நடக்காத இடங்களில் நன்கொடையாளர் போன அடுத்த ஆண்டே பம்பு செட்டில் துரு ஏறிவிடும்.

வறுமை இவ்வளவு குறைந்திருக்க, பட்டினி ஏன் அப்படிக் குறையவில்லை?

2000-களிலும் 2010-களின் முற்பகுதியிலும் குறைந்துகொண்டுதான் வந்தது. பிறகு நின்றது, கொரோனாவோடு ஏறியது. ஐ.நா. அமைப்புகளின் 2025 அறிக்கைப்படி 2024-இல் சுமார் 67 கோடிப் பேர், உலக மக்களில் 8.2 சதவீதம், போதிய கலோரி இல்லாமல் இருந்தார்கள். முந்தைய ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு. தெற்காசியாவில் முன்னேற்றம். ஆப்பிரிக்காவில் நேர்மாறு: அங்கே 30 கோடிக்கு மேல், ஐந்தில் ஒருவர்.

இதில் மூன்று வெவ்வேறு எண்களைச் செய்தித்தாள்கள் ஒன்றாகக் குழப்புவதைக் கவனித்திருப்பீர்கள். மேலே சொன்னது நாள்பட்ட பட்டினி. சத்தான உணவை வாங்க முடியாதவர்கள் 260 கோடிப் பேர் என்பது வேறு கணக்கு. வயிறு நிறைந்தாலும் காய்கறி, பருப்பு, முட்டைக்கு வழியில்லாதவர்கள் அவர்கள். உடனடி நெருக்கடியில் இருப்பவர்கள் 2024-இல் 53 நாடுகளில் 29.5 கோடி. உலக உணவுத் திட்டம் என்ற ஐ.நா. அமைப்பின் லாரிகள் போவது இந்த மூன்றாவது கூட்டத்துக்கு.

அந்தக் கூட்டம் பெருகுவதற்கு முதல் காரணம் போர். மழை பொய்த்தால் மட்டும் இப்போது பெரிய பஞ்சம் வருவதில்லை. சூடானில் 2023 ஏப்ரலில் சண்டை தொடங்கியது, 2024 ஆகஸ்டில் டார்ஃபூரின் சம்சம் முகாமில் பஞ்சம் உறுதிசெய்யப்பட்டது. 2025 ஆகஸ்டில் காசாவில். உணவு எல்லைக்கு வெளியே இருந்தது, உள்ளே விடவில்லை. இதற்கு வளர்ச்சி நிதியில் மருந்து இல்லை.

பணக்கார நாடுகள் 0.7 சதவீதம் தருவதாக ஒப்புக்கொண்டார்களாமே?

1970 அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது: தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம், பத்தாண்டின் நடுவுக்குள். அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. 2024-இல் அந்த அளவைத் தாண்டியவை நான்கே நாடுகள்: நார்வே, லக்சம்பர்க், ஸ்வீடன், டென்மார்க். மொத்தமாகப் பார்த்தால் நன்கொடை நாடுகள் கொடுத்தது 0.33 சதவீதம் அளவு, சுமார் 21,000 கோடி டாலர். அமெரிக்கா தொகையில் முதலிடம், விகிதத்தில் 0.22 மட்டும். பிரிட்டன் 0.7-ஐச் சட்டமாகவே எழுதிவைத்தது, 2021-இல் 0.5 ஆக்கியது, 2027-க்குள் 0.3 ஆக்கப்போவதாக அறிவித்திருக்கிறது.

அந்த 21,000 கோடி டாலரும் ஏழை நாடுகளுக்குப் போகிறதா?

இல்லை. தன் நாட்டுக்கு வந்து சேர்ந்த அகதிகளின் முதல் ஆண்டுச் செலவை உதவியாகக் கணக்கு எழுதிக்கொள்ள விதி அனுமதிக்கிறது. உக்ரைன் போருக்குப் பின் இது மிகவும் வீங்கியது. 2023-இல் மொத்த உதவியில் ஏழில் ஒரு பங்கு இப்படிக் கொடுத்த நாட்டிலேயே செலவானது. வெளிநாட்டு மாணவர்களின் படிப்புச் செலவு, தங்கள் நாட்டு ஆலோசனை நிறுவனங்களின் கட்டணம் என்று இன்னும் உண்டு. உக்ரைனுக்குப் போன பெருந்தொகையும் இதே கணக்கில்தான். அகதிகளுக்குச் செலவு செய்வது தவறில்லை. அதை எத்தியோப்பியாவின் பட்டினிக்குக் கொடுத்த பணத்தோடு ஒரே வரியில் எழுதுவதுதான் உறுத்துகிறது.

உணவாகக் கொடுப்பது நல்லதா, பணமாகக் கொடுப்பது நல்லதா?

கடைகள் இயங்கும் இடத்தில் பணம். கடையே இல்லாத இடத்தில் உணவு. இந்தப் பதிலுக்கு வந்துசேர உலகத்துக்கு ஐம்பது ஆண்டுகள் பிடித்தன.

உணவு உதவி ஆரம்பத்தில் பசிக்காக மட்டும் வந்ததில்லை. 1954-இல் அமெரிக்கா கொண்டுவந்த பி.எல். 480 சட்டம் அங்கே மிஞ்சிக் கிடந்த கோதுமையை வெளியேற்றவும் உதவியது. 1960-களில் அந்தக் கோதுமையை நம்பியிருந்த இந்தியாவுக்கு, வியட்நாம் போரை விமர்சித்த எரிச்சலும் சேர்ந்துகொள்ள, அதிபர் ஜான்சன் மாதக் கணக்கில் இழுத்து இழுத்துத்தான் கப்பல்களை விட்டார். 1974-இல் வங்கதேசம் கியூபாவுக்குச் சணல் சாக்கு விற்றதைக் காரணம் காட்டி, பஞ்ச நேரத்தில் தானியம் தாமதமானது. அந்த ஆண்டு அங்கே தானிய இருப்பு குறைவாக இல்லை, வெள்ளத்தால் கூலி இழந்தவர்களிடம் வாங்கத்தான் வழியில்லை என்று அமர்த்தியா சென் பிறகு காட்டினார். பணமாகக் கொடுக்கலாம் என்ற யோசனைக்கு அந்த ஆய்வு பெரிய பலம்.

அப்புறம் கப்பல் செலவு. அமெரிக்க உணவு உதவியில் குறைந்தது பாதி, அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பல்களில்தான் போக வேண்டும் என்பது அங்கே சட்டம். பெரிய அவசர உணவுத் திட்டத்தின் செலவில் 65 சதவீதம் போக்குவரத்துக்கும் நிர்வாகத்துக்கும் போகிறது என்று அந்நாட்டு அரசுத் தணிக்கை அமைப்பே 2007-இல் சொன்னது.

பணமாகக் கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்பது ஊருக்கு ஊர் கேட்கும் பேச்சு. கென்யாவின் சியாயா பகுதியில் 10,500 ஏழைக் குடும்பங்களுக்குத் தலா 1,000 டாலர் அளவு, எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். வாங்கியவர்கள் மட்டுமல்ல, பக்கத்து ஊர்க் கடைக்காரரும் கூலிக்காரரும் பயனடைந்தார்கள். கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் அந்த வட்டாரப் பொருளாதாரம் சுமார் இரண்டரை டாலர் கூடியது. விலைவாசி ஏறவே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் ஏறியது. இன்று உலக உணவுத் திட்டம் தரும் உதவியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பணமாகவோ கூப்பனாகவோ போகிறது.

ஊழலில் எவ்வளவு போகிறது?

போகிறது. உலக வங்கியோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, உதவியை மிகவும் நம்பியிருக்கும் 22 நாடுகளை எடுத்துக்கொண்டது. உலக வங்கியிலிருந்து பணம் வந்திறங்கும் காலாண்டுகளில் அந்நாட்டவரின் சுவிஸ் போன்ற வெளிநாட்டு ரகசியக் கணக்குகளும் பெருத்தன. கசிவு சராசரியாக 7.5 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். மேல்மட்டத்தில் அப்படிப் போவது மட்டும் இது. கீழே ஒப்பந்தக்காரர், இடைத்தரகர் கணக்கு வேறு. என்றாலும், 'முழுவதையும் தின்றுவிடுகிறார்கள்' என்று டீக்கடையில் சொல்லும் அளவுக்கு இல்லை.

உதவி வாங்கிய நாடு கொடுக்கும் நாடாக மாறியதுண்டா?

தென்கொரியா. போர் முடிந்த 1950-களில் அமெரிக்க உதவியில் ஓடிய நாடு, 2010-இல் நன்கொடை நாடுகளின் குழுவில் உறுப்பினர். ஆனால் நிலச் சீர்திருத்தம், பள்ளிகள், ஏற்றுமதி எல்லாம் அவர்கள் செய்தது. பனிப்போர்க் காலத்துப் பணம் அவ்வளவு அள்ளி வந்த இடங்களும் குறைவு.

அமெரிக்கா நிறுத்தியதால் உடனே என்ன நடந்தது?

யுஎஸ்எய்ட் திட்டங்களில் 83 சதவீதத்தை ரத்து செய்ததாக 2025 மார்ச்சில் அந்நாட்டு வெளியுறவு அமைச்சரே அறிவித்தார். உலக உணவுத் திட்டத்துக்கு 2025-இல் வரவு 40 சதவீதம் குறையும் என்று மதிப்பிடப்பட்டது. இந்த அமைப்புக்குப் பணம் குறைந்தால் தட்டில் எப்படித் தெரியும் என்பதற்கு வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் உள்ள ரோஹிங்கியா அகதி முகாமைப் பார்க்கலாம். 2023-இல் ஒருவருக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவுக் கூப்பனை முதலில் 10, பிறகு 8 டாலராக வெட்டினார்கள். ஒரு வேளைக்கு ஒன்பது சென்ட். பிறகு மெல்ல மீட்டார்கள். 2025 மார்ச்சில் 6 டாலராகப் போகிறது என்று அறிவித்து, கடைசி நேரத்தில் பணம் வந்து தப்பியது.

வெளியே தெரியாத இழப்பு ஒன்று உண்டு. பஞ்சம் வருமுன் எச்சரிக்கும் ஃபியூஸ்நெட் என்ற அமைப்பின் தளம் 2025 ஜனவரி முடிவில் இருண்டது. மாதங்கள் கழித்துத்தான் திரும்பியது. 1984 முதல் ஏழை நாடுகளில் குழந்தை இறப்பு, ஊட்டம் பற்றி வீடு வீடாக விவரம் சேகரித்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வுத் திட்டமும் நிறுத்தப்பட்டது. நம் தேசியக் குடும்ப நல ஆய்வு அந்த மரபில் வந்தது. அதை இந்திய அரசு நடத்துகிறது. மற்ற பல நாடுகளில் அப்படி இல்லை. அளக்க ஆள் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு எத்தனை குழந்தைகள் செத்தன என்பதே தெரியாமல் போகும். உணவு வெட்டைவிட இது எனக்குக் குறைவான விஷயமாகப் படவில்லை.

2030-க்குள் பட்டினி ஒழியுமா?

ஒழியாது. 2015-இல் நிர்ணயித்த 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் இரண்டாவது அது. 2030-இலும் 51 கோடிப் பேர் பட்டினியில் இருப்பார்கள், அதில் பத்தில் ஆறு பேர் ஆப்பிரிக்காவில் என்று ஐ.நா.வே கணிக்கிறது. போரும் நிலையற்ற ஆட்சியும் உள்ள நாடுகளில்தான் மீதி வறுமை குவிந்துகொண்டிருக்கிறது. எடை போட்டு உருண்டை கொடுக்கும் மாதிரித் திட்டத்துக்கு, மாதாமாதம் திறந்திருக்கும் ஒரு மையமும் சம்பளம் வாங்கும் ஒரு பணியாளரும் வேண்டும். சூடானில் இன்று அந்த இரண்டும் இல்லை.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் அனுப்பும் பணம் உதவிப் பணத்தைவிடப் பெரிது என்கிறார்களே?

மூன்று மடங்கு பெரிது. 2024-இல் ஏழை, நடுத்தர நாடுகளுக்கு அப்படி வந்தது சுமார் 68,500 கோடி டாலர். வளைகுடாவிலிருந்து வீட்டுக்கு வரும் பணத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் மிக ஏழைக் குடும்பத்தால் ஏஜென்டுக்குப் பணம் கட்டி ஆள் அனுப்ப முடியாது, அதனால் இது உதவிக்கு மாற்று ஆகாது. அனுப்பும் கட்டணம் சராசரியாக ஆறு சதவீதத்துக்கு மேல் இருப்பதைப் பாதியாக்கினாலே பல நாடுகளின் உதவித் தொகையைவிடப் பெரிய தொகை ஏழைகள் கைக்கு வரும்.

இந்தியா இப்போது வாங்கும் நாடா, கொடுக்கும் நாடா?

இரண்டும். உலக வங்கியின் சலுகைக் கடன் பிரிவிலிருந்து வரலாற்றில் மிக அதிகம் வாங்கியது நாம்தான். 2014-இல் அந்தத் தகுதிப் பட்டியலைத் தாண்டினோம். மெட்ரோ ரயிலுக்கு ஜப்பானின் குறைந்த வட்டிக் கடன் இன்றும் வருகிறது. 2004 சுனாமியின்போது வெளிநாட்டு அரசுகளின் நிவாரண உதவி வேண்டாம் என்று டெல்லி சொல்லிவிட்டது.

கொடுப்பதில், இலங்கையில் போர் முடிந்த பின் 50,000 வீடுகள் கட்டித்தர இந்தியா மானியம் அளித்தது. 46,000 வீடுகள் வடக்கு கிழக்கில், 4,000 மலையகத் தோட்டப் பகுதிகளில். வடக்கு கிழக்கில் பெரும்பாலான வீடுகளுக்குத் தவணை தவணையாகப் பணம் நேரே குடும்பத்தின் வங்கிக் கணக்குக்குப் போனது. கொத்தனாரை அவர்களே பிடித்து, கல்லையும் மணலையும் அவர்களே பேரம் பேசி வாங்கினார்கள். மலையகத்தில் அப்படிச் செய்ய முடியவில்லை. வீடு கட்டும் நிலம் அங்கே தோட்டத்துக்குச் சொந்தம், முதலில் ஒரு துண்டு நிலத்தை அந்தக் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த இழுபறியில் மலையக வீடுகள் பல ஆண்டுகள் பிந்தித்தான் எழுந்தன.